நாலு விரல் நீளம்

பிப்ரவரி 3

அளவுக்காரிக்கு,

உன் பெயருக்கு சர்வே துறையிலிருந்து ஒரு கவர் வந்திருக்கிறது. பிரிக்கவில்லை. அப்படியே இத்துடன் வைத்திருக்கிறேன். அதற்காகத்தான் எழுதுகிறேன், வேறொன்றுமில்லை.

கவரை மட்டும் அனுப்பினால் போதாதா என்று உன் அண்ணன் கேட்டார். வெறும் கவர் வந்தால் அண்ணி இன்னும் முறுக்கிக்கொண்டிருக்கிறாள் என்று நினைப்பாய். இரண்டு வரி சேர்த்து எழுதினால் அண்ணி இறங்கி வந்துவிட்டாள் என்று நினைப்பாய். எப்படியும் ஏதாவது நினைக்கத்தான் போகிறாய் என்பதால் எழுதியே விட்டேன்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். எல்லோரும் என்றால் நானும் உன் அண்ணனும்தான். டிப்போவில் பஸ் வருகிற, போகிற நேரத்தைக் குறித்துக் குறித்துப் பழகி, சாப்பாட்டு மேஜைக்கு நான் எத்தனை நிமிஷம் லேட் என்று இப்போது வீட்டிலும் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கடையில் வேலை குறைவில்லை. ஊரில் பாதிப் பேர் இளைக்கிறார்கள், மீதிப் பேர் குண்டாகிறார்கள். ஆல்டரேஷன்காரிக்கு வேறென்ன வேண்டும்?

ஒரு புதுச் சங்கதி உண்டு. நான் ஆயில் பெயின்டிங் கற்றுக்கொள்கிறேன். சிரிக்காதே. ஒரு பெண் மேலங்கியின் ஓரத்தை மடித்துத் தைக்கக் கொண்டுவந்தாள். அதிலிருந்து ஒரு எண்ணெய் வாசனை வந்தது. இது என்ன வாசனை, நன்றாக இருக்கிறதே என்று கேட்டேன். அவள்தான் டீச்சர். சைக்கிள் கடை மாடியில் சனிக்கிழமை மதியம் வகுப்பு. ஆளுக்கு ஒரு பழைய பெரிய ஓவியத்தின் அச்சுப்படத்தைக் கொடுத்து, அதை அப்படியே பார்த்து வரையச் சொல்கிறாள். எனக்கு வந்ததில் ஒரு ஆறு, மரங்கள், பின்னால் மலை. கரையில் நீலத் துணி போர்த்திய ஒரு பெண். படகில் வருகிறவன் பக்கம் கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள்.

வீட்டில் கான்வாஸை உன் அறையில் வைத்துக்கொள்ளச் சொன்னார் உன் அண்ணன், அங்கேதான் வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம். நான் வைக்கவில்லை. உன் பொருளைக் கேட்காமல் தொட்டு ஒருமுறை பட்டது போதும். தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


பிப்ரவரி 14

அண்ணிக்கு,

கவர் கிடைத்தது. பயிற்சிச் சான்றிதழ். நன்றி.

முகாமில் ஐந்து பேர் இருக்கிறோம். தகரக் கூரை, இரும்புக் கட்டில். அணைக்கு இடம் அளக்கிறோம். குளிர் அதிகம். கோட்டு போடுவதில்லை, பெட்டியில் கிடக்கிறது.

அண்ணனுக்கு என் அன்பு.

பி.கு.: படத்தில் ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது? நீங்கள் எழுதவில்லை.


பிப்ரவரி 24

அளவுக்காரிக்கு,

உன் கடிதத்தில் மொத்தம் எட்டு பத்து வரி. அதில் ஒரு கேள்வி. பத்து மாதத்தில் நீ என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. உன் அண்ணன் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "ஆறு எங்க ஓடுதுன்னுதானே கேட்டிருக்கா, நீ எதுக்கு இப்படிக் குதிக்கிறே?" என்றார். அவருக்குத் தெரியாது. பிடிக்காதவர்களிடம் நீ கேள்வி கேட்கமாட்டாய், தலையை மட்டும் ஆட்டுவாய். பதினாலு வயதிலிருந்து உன்னைப் பார்க்கிறேன்.

ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. டீச்சரைக் கேட்டேன். அவளும் படத்தைத் தலைகீழாகக்கூடப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லக்கா" என்றாள். அதனால் பேட்டர்ன் வெட்டுகிற பழுப்புத் தாளில் என் கான்வாஸில் இருப்பதைக் கோட்டுப் படமாகப் போட்டு அனுப்பியிருக்கிறேன். நீயே பார்த்துச் சொல்.

வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். அச்சுப்படத்தின் மேல் கட்டம் போடுகிறோம். கான்வாஸிலும் அதே கட்டம், பெரிதாக. ஒவ்வொரு கட்டத்திலும் என்ன தெரிகிறதோ அதைக் கரியால் வரைகிறோம். அப்புறம் டர்பன்டைன் நிறையக் கலந்து தண்ணீர் மாதிரி ஒரு பழுப்புப் பூச்சு. அது காய்ந்த பிறகு நிறங்கள். மேலே போகப் போக எண்ணெய் கூட வேண்டும். அடியில் மெலிசு, மேலே கொழுப்பு என்று டீச்சர் வாரத்துக்குப் பத்து தரம் சொல்கிறாள். பல் டாக்டர் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்கிறார். மரத்தில் இலை இலையாகப் போடுகிறார், ஒரு இலையையும் விடமாட்டார். பேக்கரிக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் மேகம் போட்டால் தட்டில் வைத்து வெட்டலாம். நான் வந்தால் இருவரும் நகர்ந்து இடம் விடுகிறார்கள். இந்த வயதில் வகுப்பில் எனக்கு ஒரு பெஞ்சு, நினைத்தாலே சந்தோஷமாக இருக்கிறது.

ஒரு விஷயம் சொன்னால் பெருமையடிக்கிறேன் என்பாய். அந்த நீலத் துணிக்காரியைப் பார்த்த அன்றே எனக்கு உறுத்தியது. கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து அளந்தேன். தலை இவ்வளவு என்றால் கை இவ்வளவுதான் இருக்க முடியும். ஆயிரம் பேருக்குக் கை அளவெடுத்தவள் நான். இவளுக்கு நாலு விரல் கூட! எவ்வளவு பெரிய ஓவியராக இருந்தால் என்ன, கை நீளம் தப்பு. நான் என் கான்வாஸில் அதைச் சரி செய்துவிட்டேன். கை குறைந்ததும் படகுக்காரனுக்கு எட்டவில்லை. அதனால் படகைக் கொஞ்சம் கிட்டே தள்ளினேன். இப்போது பார்க்க அம்சமாக இருக்கிறது. டீச்சருக்கு இன்னும் காட்டவில்லை.

கவரின் மேல் இடதுபக்கம் சாய்ந்த உன் இடதுகை எழுத்தைப் பார்த்தே தபால்காரர், "உங்க நாத்தனார் எழுதிட்டாங்க போல" என்றார். ஊருக்கே தெரிந்திருக்கிறது.

அண்ணி


மார்ச் 6

அண்ணிக்கு,

பழுப்புத் தாள் கிடைத்தது. முகாமில் மேஜை மேல் விரித்து வைத்துப் பார்த்தோம்.

முதலில் நிலம். பாறையில் தண்ணீர் மோதி நுரைப்பது இடதுபக்கம். அப்படியானால் ஆறு இடமிருந்து வலம். ஆனால் படகுக்குப் பின்னால் வலதுபக்கம் நுரை போட்டிருக்கிறீர்கள். ஒரே ஆறு இரண்டு பக்கமும் ஓடாது. அடுத்தது அகலம். நீங்கள் படகைத் தள்ளிய பிறகு, கரைக்கும் படகுக்கும் நடுவில் ஒரு முழத் தண்ணீர்தான் இருக்கிறது. இதற்குப் பெயர் ஆறு இல்லை, வாய்க்கால். படகு எதற்கு, தாண்டிக் குதிக்கலாம். எங்கள் சமையல்காரர்கூடச் சிரித்தார்.

இனிக் கை.

யாரைக் கேட்டுக் குறைத்தீர்கள்?

இதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். பேனாவை மூடியும் விட்டேன். முடியவில்லை, எழுதிவிடுகிறேன். அந்தப் பெண்ணின் கை நாலு விரல் கூட என்று வாசித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன ஏப்ரலில் நீங்கள் அம்மா கோட்டில் வெட்டி எடுத்ததும் நாலு விரல்தான். வேலையிலிருந்து வந்து பார்க்கிறேன், கோட்டு இஸ்திரி போட்டு ஹாங்கரில் தொங்குகிறது, கை இரண்டும் மணிக்கட்டோடு நிற்கிறது. நீங்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள். "எப்படி, உன் கைக்குக் கச்சிதமா இருக்கா?" என்று கேட்டீர்கள்.

அது அளவெடுத்துத் தைத்த கோட்டு இல்லை, அண்ணி. ரயில்வே கேட்டில் வேலை செய்கிற எல்லோருக்கும் ஒரே அளவில் கொடுத்தது. அம்மாவுக்கே பெரிது. நாலு விரல் மடித்துவிட்டுத்தான் போட்டுக்கொள்வாள். அந்த மடிப்புதான் அவளுக்குப் பை. வண்டி லேட் என்று போன் வந்தால், தாள் தேடிக்கொண்டிருக்கமாட்டாள். இடதுகை மடிப்பைப் பிரித்து உள்துணியில் பென்சிலால் நேரத்தை எழுதிவிட்டு, மறுபடி மடித்துக்கொள்வாள். எத்தனை சாயங்காலம் அந்த மடிப்பைப் பிரித்து, அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று நான் வாசித்துச் சொல்லியிருக்கிறேன். மணி பார்க்கக் கற்றுக்கொண்டதே அதில்தான்.

அந்தத் துணியில் கறுப்பாக ஏதோ இருந்ததே, நீங்கள் பார்க்கவே இல்லையா?


மார்ச் 17

அளவுக்காரிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். வாயில் நாலு குண்டூசி. எதிரே ஒரு அம்மா பாவாடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். படித்து முடித்ததும் அவளை நாளைக்கு வரச்சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். இத்தனை வருஷத்தில் வேலை நேரத்தில் கடையைச் சாத்தியது அதுதான் முதல் தடவை.

பார்த்தேன். கறுப்பாக இருந்ததைப் பார்த்தேன். அழுக்கு என்று நினைத்தேன். நீ என்னிடம் ஒரு தரம்கூட அந்த மடிப்பைப் பற்றிச் சொன்னதில்லை என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டியது நீ இல்லை, கேட்டிருக்க வேண்டியது நான். தப்பு என்னுடையது. என்னை மன்னித்துக்கொள். இதை அன்றைக்கே சொல்லியிருப்பேன். ஆனால் நீ அன்று கத்தும்போது, "இது எங்க அம்மா கோட்டு. வந்தவங்க தொட வேண்டாம்" என்று சொன்னாய். பதினெட்டு வருஷம் கழித்தும் நான் வந்தவள்தானா என்று எனக்கும் ரோஷம். நானும் வாயை மூடிக்கொண்டேன், நீயும் பெட்டியைக் கட்டிவிட்டாய்.

சனிக்கிழமை வகுப்பிலும் எனக்கு நல்ல பூசை. டீச்சர் என் கான்வாஸைத் தூக்கி அச்சுப்படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்புறம், "அக்கா, ஆறு எங்க போச்சு?" என்றாள். கை நீளம் தப்பாக இருந்தது, திருத்தினேன் என்று சொன்னேன். டேப்பையும் காட்டினேன். அந்தப் பெண்ணுக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு, கோபப்படவே இல்லை. "தப்புதான், வரைஞ்சவருக்கும் தெரியும். ஆனா ஆறு அவ்வளவு அகலம், கை போய்ச் சேரணும்ல? அதுக்குத்தான் நீளமா வெச்சிருக்காரு. உங்களைப் பார்த்து வரையத்தானே சொன்னேன், திருத்தவா சொன்னேன்?" என்றாள். பல் டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு இலை போட்டார். நான் அசடு வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கடையில் வெட்டுகிற எந்தத் துண்டையும் நான் உடனே தூக்கிப் போடுவதில்லை. பெயர் எழுதிச் சீட்டுக் குத்தி ஒரு வருஷம் பையில் வைத்திருப்பேன். உடம்பு ஏறியது, மறுபடி விட்டுக் கொடுங்கள் என்று யாராவது வருவார்கள். அந்தப் பையை முழுசாகக் கொட்டித் தேடினேன். அம்மா கோட்டின் துண்டு அதில் இல்லை. வீட்டுத் துணிக்கு நான் சீட்டுக் குத்துவதில்லை. சீட்டில்லாததெல்லாம் கந்தைப் பைக்குப் போய்விடும்.

கந்தைப் பை எங்கே இருக்கிறது தெரியுமா? கான்வாஸுக்குக் கீழே. தூரிகை துடைக்க அதிலிருந்துதான் துணி எடுக்கிறேன்.

பையைப் பிரித்துத் தரையில் கொட்டினேன். உன் அண்ணன் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்துகொண்டார். இரண்டு துண்டும் கிடைத்தன. ஒன்று மடிப்புக் கலையாமல் அப்படியே அடியில் இருந்தது. இன்னொன்றில் போன மாதம் நான் வானம் துடைத்திருக்கிறேன். நீல வண்ணம் கம்பளிக்குள் இறங்கிக் காய்ந்து, துணி விறைப்பாக நிற்கிறது. இனி எதைப் போட்டாலும் போகாது.

கலையாத துண்டின் மடிப்பை உன் அண்ணன்தான் பிரித்தார். நான் தொடவில்லை. உள்ளே வரிவரியாக எண்கள். "7.20 லேட்" என்று ஒரு இடத்தில் தெளிவாகத் தெரிகிறது. அதற்குக் கீழே, "6.05 சரி" என்று இருக்கிறது. அவர் ஒவ்வொரு வரியாக வாசித்துப் பார்த்தார். "அம்மா கையெழுத்து" என்று மட்டும் சொன்னார். வெட்டிய வாக்கில் பார்த்து இடதுகைத் துண்டு அதுதான் என்று உறுதி செய்துகொண்டேன்.

வானம் துடைத்ததை உன்னிடம் சொல்லாமலே இருந்திருக்கலாம். ஒன்றுதான் கிடைத்தது என்று எழுதியிருந்தால் நீ நம்பியிருப்பாய். ஆனால் அப்படி எழுத மனசு வரவில்லை.

அண்ணி


ஏப்ரல் 2

அளவுக்காரிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. வர வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. நான் பாட்டுக்கு எழுதுகிறேன்.

கையைச் சுரண்டிவிட்டோம். காய்ந்த வண்ணத்தைக் கத்தியால் எடுப்பது தையல் பிரிக்கிற மாதிரிதான். அவசரப்பட்டால் துணி கிழியும். எனக்குப் பழக்கமான வேலை, டீச்சரே அசந்துபோனாள். படகைப் பழைய இடத்துக்குத் தள்ளினேன். நீ சொன்ன மாதிரி நுரையை எல்லாம் ஒரே பக்கம் ஆக்கினேன். ஆறு மறுபடியும் ஆறாகிவிட்டது. அன்றே கையை வரைந்துவிடத் துடித்தேன். டீச்சர் தூரிகையைப் பிடுங்கிக்கொண்டாள். "அடியில ஈரம் இருக்கு. மேல பூசினா இப்ப நல்லாத்தான் இருக்கும், பின்னாடி வெடிச்சிடும். காய விடுங்க" என்றாள். அவள் வண்ணத்தைப் பற்றித்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. அதனால்தான் உனக்கும் இரண்டு வாரம் எழுதாமல் இருந்தேன்.

அந்தத் தூரத்து மலைதான் இன்னும் வரமாட்டேன் என்கிறது. பச்சை போட்டேன், பக்கத்து வீட்டு வேலி மாதிரி முன்னால் வந்து நிற்கிறது. சாம்பல் போட்டேன், மழை வருகிற மாதிரி இருக்கிறது.

இரண்டு துண்டையும் வெள்ளைத் துணியில் சுற்றி உன் அலமாரியில் வைத்திருக்கிறேன். உன் அறைக்குள் போனது உன் அண்ணன்தான்.

மே 18 சனிக்கிழமை மாடியிலேயே எங்கள் படங்களை மாட்டப்போகிறோம். உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன்.

அண்ணி


ஏப்ரல் 19

அண்ணி,

எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. முதல் வாரம் கோபம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். பிறகு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். எங்கள் சமையல்காரர் அடுப்புப் பற்றவைக்க அந்தத் தாளைத்தான் எடுத்துக்கொண்டார்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். வீட்டுத் துணிக்குச் சீட்டுக் குத்துவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அம்மா கோட்டை நீங்கள் வீட்டுத் துணி என்று எடுத்திருக்கிறீர்கள். கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றாததும் அதனால்தான். நான்தான் உங்களை வெளியாள் ஆக்கிவிட்டேன்.

நீங்கள் வந்தபோது எனக்குப் பதினாலு. பள்ளிக்கூட யூனிஃபார்ம் முட்டிக்கு மேல் ஏறியிருந்தது. வந்த மூன்றாம் நாள் நீங்கள் கேட்காமலே அதன் ஓரத்தைப் பிரித்து இறக்கிவிட்டீர்கள். அன்றைக்கு நான் ஏன் கேட்கவில்லை என்று சண்டை போடவில்லை. மற்றப் பெண்களிடம், எங்கள் அண்ணி தைத்தது என்று காட்டிக்கொண்டு திரிந்தேன். "வந்தவங்க" என்று சொன்ன வாயை என்ன செய்வது? அந்த வார்த்தையைச் சொன்ன அடுத்த நிமிஷமே எனக்கே அது பிடிக்கவில்லை. ஆனால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தெரியாமல்தான் இவ்வளவு தூரத்தில் வேலை கேட்டு வாங்கினேன். மன்னித்துவிடுங்கள், அண்ணி.

கோட்டைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இரண்டு துண்டையும் திரும்பத் தையுங்கள். நீலம் பட்டதையும் சேர்த்துத்தான். புதுத் துணி வேண்டாம், சாயம் போட வேண்டாம். உங்களுக்குக் கை துறுதுறுக்கும் என்று தெரியும். ஒட்டுத் தையல் வெளியே தெரிந்தால் தெரியட்டும், மறைக்க வேண்டாம். நீளம் பழையபடி. ஒரு நூல்கூடக் குறையக் கூடாது.

மலைக்கு வருகிறேன். தினமும் காலையில் கருவியில் கண்ணை வைத்துப் பார்க்கிறேன். எனக்கு எதிரே மூன்று வரிசை மலை. முதல் வரிசையில் மரம் தெரியும், பச்சை. இரண்டாவதில் மரம் தெரியாது, பச்சையும் நீலமும் கலந்தது. மூன்றாவது வரிசைக்கு நிறமே கிடையாது, பல தரம் துவைத்து வெளுத்த நீலச் சட்டை மாதிரி இருக்கும், ஓரமும் மங்கித்தான் தெரியும். நீங்கள் எல்லா மலைக்கும் ஒரே அளவுக்கு ஓரம் கட்டியிருப்பீர்கள். தூரத்து மலைக்கு ஓரம் அடிக்காதீர்கள். உங்கள் வானத்து நீலத்தை அதில் கொஞ்சம் கலந்து பாருங்கள்.

கான்வாஸை என் அறையில் வையுங்கள். கேட்டுவிட்டு வைத்த மாதிரி இருக்கட்டும்: கேட்டீர்கள், சரி என்று சொன்னேன்.


மே 5

அளவுக்காரிக்கு,

உன் ஜன்னலில் காலை எட்டு மணி முதல் பத்தரை வரை வருகிற வெளிச்சம் இருக்கிறதே, அதை இத்தனை நாள் தூங்கியே வீணாக்கியிருக்கிறாய்.

மலை வந்துவிட்டது! நீ சொன்னபடி ஓரத்தை விரலால் தேய்த்துவிட்டேன். வானத்தில் மிச்சமிருந்த நீலத்தையே கொஞ்சம் கலந்தேன். மலை அப்படியே பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. பேக்கரிக்காரர் வந்து நின்று பார்த்துவிட்டு, "இது நீங்க போட்டதா?" என்றார். என் நாத்தனார் அங்கிருந்து பார்த்துச் சொன்னது என்றேன். எங்கிருந்து பார்த்து என்று அவருக்குப் புரியவில்லை. புரிய வைக்கவும் எனக்கு இஷ்டமில்லை.

கையையும் போட்டுவிட்டேன். டேப்பைக் கழற்றி உன் அண்ணனிடம் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அச்சுப்படத்தில் இருக்கிறபடியே, ஒரு கட்டம் விடாமல், நாலு விரல் கூடவே நீளமாக வரைந்தேன். முழங்கை தாண்டும்போது உள்ளுக்குள் ஒருத்தி தப்பு தப்பு என்று கத்திக்கொண்டிருந்தாள். விரல் நுனி வந்து அவன் விரலைத் தொட்டதும் அவள் வாயடைத்துப் போனாள். எட்டி நின்று பார்த்தால் கை நீளமாகவே தெரியவில்லை. ஆறுதான் தெரிகிறது. நான் இந்த வயதில் ஒரு படம் போட்டிருக்கிறேன், அது நன்றாகவும் இருக்கிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கோட்டைத் தைத்துப் பார்சல் கட்டிவிட்டேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டப்பட்டு இவ்வளவு சுலபமான தையல் போட்டதில்லை. ஒட்டு நன்றாகத் தெரிகிறது. கடையில் யாராவது பார்த்தால் என் பிழைப்பு கெட்டுவிடும் என்று வீட்டில் உட்கார்ந்துதான் தைத்தேன். வலதுகையில் நீலத் திட்டு, விறைப்பாகத்தான் நிற்கும், மடிக்க மடிக்கப் பழகிவிடும். எழுத்து இருக்கிற இடத்தில் ஊசி படாமல் பார்த்துக்கொண்டேன். பெட்டியில் வைக்காதே, குளிருக்குப் போட்டுக்கொள்.

மே 18-ஐ உன் அண்ணன் காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறார். நான் போடவில்லை. வா என்று நான் எழுதவும் இல்லை. கேட்டு நீ வராவிட்டால் தாங்கமாட்டேன். அதனால் கேட்காமல் இருக்கிறேன். இது பெரிய தந்திரம் என்று வேறு நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, கேட்டே விடுகிறேன். வருகிறாயா?

அண்ணி


மே 12

அண்ணி,

பார்சல் நேற்று வந்தது. வந்ததிலிருந்து கழற்றவில்லை. சாப்பிடும்போதும் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். சமையல்காரர் உங்கள் தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, "யாரோ கத்துக்குட்டி தைச்ச மாதிரி இருக்கே" என்றார். இந்த ஜில்லாவிலேயே நம்பர் ஒன் தையல்காரி தைத்தது என்றேன். நம்பவில்லை.

கை நீளமாகத்தான் இருக்கிறது, விரல்கூட வெளியே வரவில்லை. அம்மா மாதிரி நாலு விரல் மடித்துவிட்டேன். இடதுகை மடிப்பைப் பிரித்துப் பார்த்தேன். 7.20 லேட், 6.05 சரி. எல்லாம் இருக்கிறது.

வலதுகையில் உங்கள் வானம் இருக்கிறது. கொஞ்சம் எண்ணெய் வாசனையும் அடிக்கிறது. நீங்கள் சொன்னது சரிதான், அண்ணி, நல்ல வாசனை.

அம்மா வலதுகைக்காரி, இடது மடிப்பில் எழுதுவாள். நான் இடதுகைக்காரி, எனக்கு வலது மடிப்புதான் வசதி. அதில் நீலம் படாத இடம் இரண்டு விரலுக்கு இருந்தது. அதில் பென்சிலால் எழுதிக்கொண்டேன். நீங்கள் பிரித்துத்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை, இங்கேயும் எழுதிவிடுகிறேன்:

சனி, 2.40. லேட் ஆகாது.